கதவைத் திறக்குமுன் வீட்டோவைச் சரிசெய்யுங்கள்

2023 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்களின் மாநாட்டு அறையைவிட்டு அன்றைய ஹங்கேரிப் பிரதமர் ஓர்பான் எழுந்துபோனாரே, அதை இன்னமும் ராஜதந்திர வெற்றி என்று பகிர்கிறீர்கள். எரிச்சலாக வருகிறது. ஒரே நாடு மறுத்தாலும் முடிவு நின்றுவிடும், அதுதான் வீட்டோ. அதைக் கையில் வைத்திருந்தவர் வெளியே போனதால்தான் உக்ரைனை ஒன்றியத்தில் சேர்ப்பதற்கான பேச்சைத் தொடங்க முடிவெடுக்க முடிந்தது. இதில் என்ன வெற்றி? அன்றிரவே உக்ரைனுக்கான 5,000 கோடி யூரோவை அவர் தடுத்துவிட்டார். பிப்ரவரி 1 வரை இழுபறி.

ஓர்பான் ஒருவர்தான் சிக்கல் என்கிறவர்கள் வட மாசிடோனியாவைப் பாருங்கள். ஒன்றியத்தில் சேர 2005இலேயே வேட்பாளர் நாடு. பெயரைக் காரணம் காட்டி கிரீஸ் மறித்தது. 2019இல் நாட்டின் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். அதே ஆண்டு பிரான்ஸ் மறித்தது, அடுத்த ஆண்டு பல்கேரியா. பெயரையே விட்டுக்கொடுத்த மக்களிடம், இனி அரசியலமைப்பையும் திருத்திவிட்டு வா என்கிறார்கள். இதற்குமேல் அவர்கள் எதைக் கொடுப்பார்கள்? ஆள் அல்ல, வீட்டோதான் சிக்கல்.

சேர்க்கைப் பேச்சு துறைவாரியாக 35 அத்தியாயங்கள், 6 தொகுப்புகள் என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. தொகுப்பைத் திறக்கவும் அத்தியாயத்தை மூடவும் 27 நாடுகளும் தலையாட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 49ஆம் பிரிவு சேர்க்கைக்குத்தான் ஒருமனதைக் கேட்கிறது. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் என்று அதில் எங்கும் இல்லை. இடைக்கட்டங்களைத் தகுதிப் பெரும்பான்மைக்கு மாற்றுங்கள்: அதாவது குறைந்தது 15 நாடுகள், ஒன்றிய மக்கள்தொகையில் 65 சதவீதம். கடைசிக் கையெழுத்து மட்டும் எல்லோருடையதாகவும் இருக்கட்டும்.

"சின்ன நாடுகள் நசுங்கிப்போகும்" என்பீர்கள். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், போலந்து ஐந்தும் கைகோத்தால் மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு நெருங்கிவிடும். அப்போதும் இன்னும் 10 நாடுகள் வேண்டும். சின்ன நாட்டுக்கு இது போதாதா?

வெளியுறவு, வரி விஷயங்களிலும் பெரும்பான்மைக்கு மாற 48ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவு வழி வைத்திருக்கிறது. ஆனால் அதைத் தொடவே 27 நாடுகளின் சம்மதம் வேண்டும். ஒரே ஒரு தேசிய நாடாளுமன்றம் ஆறு மாதத்துக்குள் மறுத்தாலும் போச்சு. அதனால்தான் சொல்கிறேன், புதிய நாடுகளின் சேர்க்கை ஒப்பந்தத்திலேயே இந்த மாற்றத்தையும் எழுதுங்கள். எப்படியும் அதை எல்லா நாடுகளும் ஏற்றாக வேண்டும். ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஆணையத்தில் ஆணையர் எண்ணிக்கை, பண்ணை மானியம் எல்லாம் அதற்குப் பிறகு பேசலாம்.

"உள்ளே வந்தபின் ஒரு நாடு தடம் மாறினால்?" இது நியாயமான கேள்வி. ஒன்றியத்தின் அடிப்படை விழுமியங்களை மீறும் நாட்டுக்கான 7ஆம் பிரிவு நடவடிக்கையை ஹங்கேரிமேல் ஐரோப்பிய நாடாளுமன்றம் 2018இல் தொடங்கியது. வாக்குரிமையை நிறுத்தும் கட்டத்துக்கு அது போகவேயில்லை; அதற்கு முன்னால் மற்ற எல்லா நாடுகளும் ஒன்றுசேர வேண்டும். ஆனால் 2022 டிசம்பரில் அதே ஹங்கேரிக்கான 630 கோடி யூரோவை நிறுத்திவைக்க முடிந்தது. சட்டத்தின் ஆட்சியை மீறினால் நிதியை நிறுத்தும் அந்த விதிக்குத் தகுதிப் பெரும்பான்மையே போதுமாயிருந்தது.