உரிமம் காலியாகக் காத்திருக்கிறேன்

ஜூரோங்கிலிருந்து சாங்கி வரை எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே வந்து காலை 9 மணிக்கு மேசையில் உட்கார்ந்தேன். வேலையைத் தொட்டது 10.45க்கு. அதுவரை திரையில் ஒரே வரிதான்: "எல்லா உரிமங்களும் பயன்பாட்டில் உள்ளன."

நாங்கள் நிரலாளர்கள் 11 பேர். நினைவகக் கசிவை, அதாவது நிரல் எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராமல் விடுவதைக் கண்டுபிடிக்கும் அந்தக் கருவிக்கு நிறுவனம் வாங்கியிருப்பது 5 உரிமங்கள். ஒருவர் மூடினால்தான் இன்னொருவருக்குத் திறக்கும். "தம்பி, சாப்பிடப் போகும்போது மறக்காமல் மூடிவிட்டுப் போ" என்று பக்கத்து மேசைப் பையனிடம் தினமும் கெஞ்சுகிறேன். "அக்கா, இன்னும் பத்தே நிமிடம்" என்கிறான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனும் யாரிடமோ கெஞ்சித்தான் வாங்கியிருப்பான்.

அதே வேலைக்கு வால்கிரைண்ட் என்ற கருவி இருக்கிறதே, யாரும் இலவசமாகப் பயன்படுத்தி உள்ளேயும் பார்க்கக்கூடிய திறந்த மூல மென்பொருள்தானே, அதைப் பயன்படுத்தலாமே என்று மேலாளரிடம் மூன்று முறை கேட்டுவிட்டேன். "அது மெதுவானது, பழகவும் நேரம் பிடிக்கும். நிரலாளரின் நேரம்தான் நமக்குப் பெரிய செலவு" என்கிறார். அதில் நிரலை ஓட்டினால் 20, 30 மடங்கு மெதுவாகத்தான் ஓடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓடும்! 11 பேரின் கணினியிலும் ஒரே நேரத்தில் ஓடும். நிரலாளரின் நேரம் அவ்வளவு விலை உயர்ந்தது என்றால், என் ஒன்றே முக்கால் மணி நேரம் மட்டும் எப்படி இலவசமானது?

அடுத்து பாதுகாப்பு என்கிறார். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற திறந்த மூல மென்பொருளில் யாரோ ரகசியமாக நுழையப் பின்கதவு வைத்திருந்தது 2024 மார்ச்சில் வெளியானதே, அதைச் சொல்கிறார். ஐயா, அது எப்படிப் பிடிபட்டது? தொலைவிலுள்ள கணினிக்குள் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்ற நிரலாளர் சந்தேகப்பட்டார். தோண்டிக்கொண்டே போனார், கண்டுபிடித்தார். மூல நிரல் திறந்திருந்ததால் தோண்ட அவருக்கு வழி இருந்தது. எங்கள் கருவி உறைந்து நின்றால் உள்ளே எட்டிப் பார்க்கக்கூட ஒப்பந்தத்தில் இடமில்லை. உதவிக்கு மின்னஞ்சல் அனுப்பினால் மூன்று நாள் கழித்து, "கணினியை மறுபடி இயக்கிப் பாருங்கள்" என்று பதில் வருகிறது. இதற்கா ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான சிங்கப்பூர் வெள்ளி?

எக்ஸ்இசட்டில் உண்மையில் வெட்கப்பட வேண்டிய விஷயம் வேறு. உலகமே நம்பியிருந்த அந்த மென்பொருளை ஒரு மனிதர் சம்பளமே இல்லாமல் பல ஆண்டுகள் தனியாகச் சுமந்திருக்கிறார். நாங்கள் கட்டும் உரிமத் தொகையில் பாதியை இப்படிப்பட்டவர்களுக்குக் கொடுத்தாலே போதும், பராமரிக்க ஆள் இல்லை என்ற பேச்சு எழாது. அதைச் சொன்னால், "அதற்கு யார் ரசீது தருவார்கள்?" என்று கேட்கிறார் மேலாளர்.

அடுத்த மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார்களாம். மறுபடியும் அதே 5.

வாராந்தர நேரக் கணக்கில் காத்திருப்பை எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது. அதனால் இந்த வாரம் குறிப்புப் பகுதியில் எழுதி அனுப்பிவிட்டேன்: உரிமத்துக்குக் காத்திருந்தது, 6 மணி 20 நிமிடம்.