அசைவது அவள்தான்

போன மாசம் ஒரு தோழி கூப்பிட்டாளே என்று ஆன்லைனில் ஒரு தந்திர வகுப்பில் (மந்திரம், தியானம் வழியாகச் செய்யும் 'தாந்த்ரா' சாதனை) உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் என் பேச்சைக் கேட்டுவிட்டு வகுப்பு எடுத்தவர் சொன்னார்: "உங்ககிட்ட ஆண் எனர்ஜி ஜாஸ்தி. முடிவெடுக்கிறதை விட்டுட்டு வாங்கிக்கப் பழகுங்க. அதுதான் பெண்மை." கூட இருந்த பெண்கள் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சிவனையும் சக்தியையும் வழிபடும் சைவ, சாக்த தந்திரம் சொல்வது இதற்கு நேர் எதிர். அங்கே சிவன் அசையாத அறிவொளி. படைப்பது, இயங்குவது, இயக்குவது எல்லாம் சக்தி. அம்பாளைப் பாடும் சௌந்தர்யலஹரியின் முதல் சுலோகமே, சக்தியோடு சேராவிட்டால் சிவனால் அசையக்கூட முடியாது என்கிறது. காளி படத்தை ஒரு தரம் பாருங்கள். கீழே அசையாமல் கிடப்பது யார், மேலே நிற்பது யார்? செயலை ஆணுக்கும் அடக்கத்தைப் பெண்ணுக்கும் கொடுத்தது தந்திரம் இல்லை. அது நம் வீட்டுக் கூடத்தில் ஏற்கெனவே இருந்த பழக்கம். அதற்கு இப்போது சம்ஸ்கிருதப் பெயர் வைக்கிறார்கள்.

திபெத்திய பௌத்தத்தின் தந்திர மரபான வஜ்ரயானத்தில் இது மாறிவிடுகிறது. தழுவி நிற்கும் இரு உருவங்களில் பெண் பிரக்ஞை, அதாவது ஞானம். ஆண் உபாயம், கருணையோடு செயலில் இறங்குவது. இரண்டுமே தந்திர மரபுகள்தான். ஒன்றில் செயல் பெண்ணுருவில், இன்னொன்றில் ஆணுருவில். அப்படியென்றால் பெண்ணாய்ப் பிறந்தவளின் குணம் இது, ஆணாய்ப் பிறந்தவனின் குணம் அது என்று எப்படிப் பிரிக்க முடியும்? சாதனை செய்கிற சாதகர் யாராக இருந்தாலும் இரண்டும் அவருக்குள்ளேதான்.

இடது மூக்கு வழி ஓடும் மூச்சு இடகலை: சந்திரன், குளிர்ச்சி, பெண். வலது மூக்கு வழி ஓடுவது பிங்கலை: சூரியன், வெப்பம், ஆண் என்று யோக நூல்கள் சொல்வது உண்மை. ஆனால் இடது மூக்கும் வலது மூக்கும் எல்லாருக்கும் இருக்கிறது. மூச்சு ஒரு பக்கம் ஓங்கி, சில மணி நேரத்தில் மறுபக்கம் மாறுவதை இப்போதே விரல் வைத்துப் பார்க்கலாம். அம்பாள் வழிபாட்டுக்கான யந்திரமான ஸ்ரீசக்கரத்திலும் இப்படித்தான்: நாலு சிவ முக்கோணம், ஐந்து சக்தி முக்கோணம். ஒன்றையொன்று வெட்டித்தான் 43 சிறு முக்கோணங்கள் பிறக்கின்றன.

தந்திர மரபில் பெண்கள் சமமாக நடத்தப்பட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பல நூல்கள் ஆண் சாதகனை மனசில் வைத்தே எழுதப்பட்டவை, பெண் அவனுக்குத் துணை. 1861-ல் ராமகிருஷ்ணருக்குத் தந்திர சாதனை சொல்லிக்கொடுத்த பைரவி பிராமணி மாதிரி பெண் குருக்களும் இருந்தார்கள். தத்துவம் ஒரு பக்கம், சமூகம் இன்னொரு பக்கம். இதை மறைக்க வேண்டியதில்லை.

திருவானைக்காவில் உச்சிகால பூஜைக்கு அர்ச்சகர் புடவை கட்டி, கிரீடம் வைத்து, அகிலாண்டேஸ்வரியாகவே ஜம்புகேஸ்வரர் சன்னதிக்குப் போவார். சின்ன வயசில் அம்மாவோடு அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். "ஏம்மா மாமா புடவை கட்டியிருக்காரு?" என்று கேட்டேன். அம்மா என் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்து, "மாமா இல்லடி, அம்பாள் வர்றா. வழி விடு" என்றாள்.