அந்த மூன்று பேரின் படத்தை நீக்குங்கள்

சென்ற வாரம் கிருஷ்ணகிரிப் பக்கம் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். மாங்கூழ் தொழிற்சாலை வேலைக்கு வந்த மூன்று வடமாநில இளைஞர்களை விசாரணைக்கென்று அழைத்துப் போய், இரண்டு நாள் கழித்து வழக்கு எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். "தீவிரவாதிகள் சிக்கினர்" என்ற வரியோடு பரவிய அவர்களது படம் மட்டும் நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தினார்களா, வீட்டுக்குத் தகவல் சொன்னார்களா என்று கேட்டேன். பல வருடம் பழகிய அண்ணன் ஒருவர், "பஹல்காமில் செத்தது உன் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இப்படிக் கேட்பாயா?" என்று எழுதினார். இரண்டு இரவாக நான் தூங்கவில்லை.

அண்ணா, 2025 ஏப்ரல் 22 அன்று அங்கே கொல்லப்பட்ட 26 பேருக்காக நானும் அழுதேன். இப்படிக் கொல்பவர்கள் பிடிபட வேண்டும் என்பதால்தான் சொல்கிறேன்: தவறான ஆளைப் பிடித்து வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கொன்றவன் தப்பிக்கக் கிடைத்த நாள். 2002இல் குஜராத்தின் அக்ஷர்தாம் கோயிலில் நடந்த தீவிரவாதத் தாக்குதலில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த வழக்கில், பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் நீதிமன்றம் மூவருக்குத் தூக்குத்தண்டனை விதித்தது. 2014இல் உச்ச நீதிமன்றம், தண்டிக்கப்பட்ட ஆறு பேரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. அத்தனை ஆண்டுகள் சிறையில் இருந்தவர்கள் தவறான ஆட்கள் என்றால், பாதுகாப்பு யாருக்குக் கிடைத்தது?

"தப்பு செய்யாதவன் ஏன் பயப்பட வேண்டும்" என்கிறீர்கள். 2002 இறுதியில் ஊத்தங்கரைப் பகுதியில் நக்சலைட்டுகள் என்று இளைஞர்கள் பொடாவில் கைதான நாட்களில், தையல்கடை வைத்திருந்த என் சித்தப்பாவையும் விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். "மா 36, இ 32" என்று வாடிக்கையாளர் பெயர்களுக்கு எதிரே அவர் எழுதி வைத்திருந்த அளவு நோட்டைக் காட்டி, இவை என்ன ரகசிய எண்கள் என்று நான்கு நாள் கேட்டிருக்கிறார்கள். மார்பு, இடுப்பு என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அவர் திரும்பி வந்தார், நோட்டு வரவில்லை. தீபாவளிக்குத் தைத்துப் போனவர்கள் பொங்கலுக்குத் துணி கொண்டு வரவில்லை. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, அண்ணா.

"போலீஸ் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். கண்காணிக்கட்டும், விசாரிக்கட்டும். உளவுத் தகவலை வெளியே சொல்ல முடியாது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் கைது செய்தால் கைதுக் குறிப்பு எழுதி, உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொன்னது. அந்த ஒரு தாளால் நாடு பலவீனமாகிவிடுமா? பொடா 2004இல் நீக்கப்பட்டாலும், மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008இல் கடுமையாக்கப்பட்ட உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத்தில் குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை சிறையில் வைக்க முடியும், ஜாமீன் கிடைப்பதும் அரிது. இவ்வளவு அதிகாரம் இருந்தும் ஒரு தாள் எழுதச் சொல்வது அதிகமா?

தேசத்துரோகி என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். தர்மபுரி மாவட்டத்துப் பழங்குடிக் கிராமமான வாச்சாத்தி நமக்குத் தூரமில்லை. 1992இல் வனத்துறையும் போலீசும் அங்கே புகுந்து மக்களை அடித்து, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தபோது, அதைச் சந்தனக்கட்டைச் சோதனை என்றுதான் சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 அரசு ஊழியர்களும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வர 2011 ஆயிற்று. அதுவரை அந்த மக்களை நம்பாதவர்களில் நம் மாவட்டத்துக்காரர்களும் உண்டு. இதை மறந்துவிட்டு என்னைத் துரோகி என்பது வலிக்கிறது.

படத்தைப் பகிர்ந்தவர்கள் இன்றிரவுக்குள் நீக்கிவிட்டு, அதே குழுவில் "இவர்கள் மீது எந்த வழக்கும் இல்லை" என்று எழுதுங்கள். அண்ணா, முதலில் நீங்கள் எழுதுங்கள்.