பத்துக்குப் பத்து அறையும் ஒரு ஹெட்போனும்

வீட்டுக்கு வருகிற நண்பர்கள் என் மேசையைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "பாட்டுன்னா உயிரை விடுவீங்களே, வீட்டுல நல்லதா ஒரு ஸ்பீக்கர் கூட இல்லையா?" இல்லை. இருந்தது, விற்றுவிட்டேன். ஏழு வருடமாக ஹெட்போனில்தான் எல்லாம் கேட்கிறேன். பணம் இல்லாமலோ வேறு வழி இல்லாமலோ இல்லை. ஹெட்போன்தான் எனக்குச் சரி என்று தெரிந்தே இப்படி இருக்கிறேன். ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொல்லி வந்ததை இன்றைக்கு முழுதாக எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த ஸ்பீக்கர் கதை. நல்ல சம்பளம் கைக்கு வந்த முதல் வருடத்தில் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கினேன். கடையில் அதற்கென்றே ஒரு அறை வைத்திருந்தார்கள். தரை முழுக்கக் கம்பளம், கனமான திரைச்சீலை, பெரிய சோபா. அங்கே உட்கார்ந்து கேட்டபோது கனத்த கீழ்ச் சுரங்களை வாசிக்கிற பேஸ் கிதார் ஒவ்வொரு சுரமாக எழுந்து நடந்து போனது போல இருந்தது. கேட்டதும் முடிவு செய்துவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினேன். சென்னையில் இரண்டாவது மாடி. அறை பத்துக்குப் பத்து. டைல்ஸ் தரை, வெறும் சுவர், மேலே கான்கிரீட், ஒரு மூலையில் இரும்பு பீரோ. அதே பாட்டைப் போட்டேன். ஒரு சுரம் வரும்போது மட்டும் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, பீரோ கதவு கிணுகிணுக்கிறது. அடுத்த சுரம் காணவே காணோம். ஸ்பீக்கரில் கோளாறு என்று நினைத்துக் கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். அங்கே கச்சிதமாகப் பாடியது. ஒயரை மாற்றிப் பார்த்தேன், ஸ்டாண்ட் வாங்கிப் பார்த்தேன். கோளாறு ஸ்பீக்கரில் இல்லை, என் அறையில் இருக்கிறது என்று புரிய ஆறு மாதம் ஆனது.

விஷயம் இதுதான். எதிரெதிராக இருக்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒலி போய் மோதித் திரும்பும். அலையின் நீளத்தில் பாதியும் சுவர்களுக்கு இடையிலான தூரமும் ஒன்றாக இருந்துவிட்டால் அந்த ஒலி அறையிலேயே தங்கி வீங்கிவிடும். 10 அடி தூரத்துக்கு அந்தக் கணக்கு ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ். பேஸ் கிதாரில் விரல் வைக்காமல் மீட்டுகிற 'ஏ' தந்தியின் ஒலி 55 ஹெர்ட்ஸ். என் ஜன்னலை அதிரவைத்தது இந்தச் சுரமும் இதை ஒட்டியவையும்தான். நம் ஊர் அறைகளில் நீளம் 10, அகலம் 10, உயரமும் 10 அடி. மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து மூன்று மடங்கு தொல்லை செய்யும். ஒலிக்கு இதைவிட மோசமான வடிவம் கிடையாது. ஆனால் பல லட்சம் பேர் தூங்கி எழுவது இந்த வடிவத்தில்தான்.

இதற்கு மருந்து இருக்கிறது. மூலைக்கு மூலை தடிமனான பஞ்சுத் தூண்கள், சுவரில் பலகைகள், தரையில் கம்பளம். கட்டிலும் பீரோவும் துணி காயப்போடும் கொடியும் பையனின் படிப்பு மேசையும் இருக்கிற அறையில் அதையெல்லாம் எங்கே வைப்பது? ஸ்பீக்கரில் நாம் கேட்பதில் பாதிதான் ஸ்பீக்கர், மீதிப் பாதி அறை. கடையில் பாதியை மட்டும்தான் விற்கிறார்கள். ஹெட்போனுக்கு அறையே வேண்டாம். பாடகரின் குரல் சுவரில் மோதாமல், டைல்ஸில் தெறிக்காமல் நேராகக் காதுக்கு வருகிறது. மூவாயிரம் ரூபாய் ஹெட்போனில் நான் கேட்ட பேஸ் கிதாரை அதைப்போலப் பத்து மடங்கு விலை கொடுத்த ஸ்பீக்கர் என் அறையில் தரவில்லை.

அடுத்தது சத்தம். நம் வீடுகள் ஒருபோதும் அமைதியாக இருப்பதில்லை. மின்விசிறி சுற்றாமல் சென்னையில் உட்கார முடியாது. தண்ணீர் மோட்டார், குக்கர் விசில், தெருவில் பைக். இத்தனைக்கும் அடியில் தம்புரா எங்கே கேட்கும்? கர்நாடக இசையில் எனக்கு உயிரான இடங்கள் எல்லாமே மெல்லிய இடங்கள். ஆலாபனையில் பாடகர் ஒரு சுரத்தில் நின்று குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பார். அவர் விட்ட இடத்தை வயலின் மெல்லத் தொட்டு எடுக்கும். அந்தக் கணத்தில் தம்புராவின் ஜீவா, தந்திக்கு அடியில் வைக்கிற நூல், அது மட்டும் ரீங்காரமிடும். ஸ்பீக்கரில் அதைக் கேட்க ஒலியைக் கூட்டினால், ஐந்து நிமிடம் கழித்துத் தனி ஆவர்த்தனம் வரும்போது பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து மிருதங்கம் வாசித்ததாகிவிடும்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் பிளஸ் டூ படிக்கிற பெண் இருக்கிறாள். எனக்குப் பாட்டுக் கேட்க நேரம் கிடைப்பதோ இரவு பத்து மணிக்கு மேல்தான். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அதெல்லாம் மைக்செட்டுக்காரர்களுக்கு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நான் ஆசையாகக் கேட்கிற ராகம் சுவருக்கு அந்தப் பக்கம் போகும்போது ராகமாகப் போவதில்லை, வெறும் 'தும் தும்' என்றுதான் போய்ச் சேருகிறது. எனக்குப் பிடித்த இசையை இன்னொருவருக்கு இரைச்சலாக்கித் தர எனக்கு மனமில்லை. பேருந்தில் செல்போன் ஸ்பீக்கரில் பாட்டு வைப்பவர்களைப் பற்றியும் இதையே சொல்வேன்.

ஹெட்போனுக்குக் குறை இல்லை என்று சொல்லமாட்டேன். ஸ்டீரியோ இரண்டு ஸ்பீக்கருக்காகப் பிறந்த கலை. ஆலன் ப்ளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931-இலேயே அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்துவிட்டார். இடது ஸ்பீக்கரின் ஒலி இடது காதுக்கு மட்டுமல்ல, கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் மங்கலாக வலது காதுக்கும் போகும். அதை வைத்துத்தான் மூளை எதிரே ஒரு மேடையைக் கட்டிக்கொள்கிறது. ஹெட்போனில் இடது இடதோடு, வலது வலதோடு. அதனால் பாடகர் எதிரே நிற்காமல் நம் தலைக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கும். குரலை ஒரு பக்கமும் வாத்தியங்களை மறுபக்கமும் தள்ளி வைத்த 1960-களின் ஸ்டீரியோப் பதிவுகள் சில, அரை மணி நேரத்தில் தலைவலி தரும். ஒரு பக்க ஒலியைக் கொஞ்சம் மறுபக்கமும் கசியவிடுகிற 'கிராஸ்ஃபீட்' வசதி சில பிளேயர்களில் இருக்கிறது. எனக்கு அது பாதி உதவியது. மீதி பழகிவிட்டது. இடது, வலது என்று பிரிக்காத பழைய மோனோப் பதிவுகளில் இந்தத் தொல்லையே கிடையாது. வானொலிக் காலத்துக் கச்சேரி ஒன்றை இரவில் ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். எல்லாம் நடுவில் ஒரே புள்ளியில், பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற நெருக்கத்தில் வரும்.

நாகஸ்வரத்தையும் தவிலையும் மட்டும் நான் ஹெட்போனில் கேட்பதில்லை. அது கோபுரத்துக்கும் நாலு தெருவுக்கும் உண்டான ஒலி. தவிலின் அடி காதில் விழுந்தால் போதாது, நெஞ்சில் விழவேண்டும். அதற்குக் கோயிலுக்குத்தான் போகவேண்டும், போகிறேன்.

"காதை மூடிக்கிட்டு உட்கார்ந்தா வீட்டுல யாரும் பேசவேண்டாமா?" இதையும் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். எனக்கு அது ஒரு நாளில் ஒரு மணி நேரம். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு. வாரத்தில் இரண்டு நாள் மனைவியும் உட்காருவாள். ஒரே பின்னிலிருந்து இரண்டு ஹெட்போன் மாட்டுகிற சின்ன இணைப்பான் வாங்கி வைத்திருக்கிறோம். ஒரே பாட்டு, பேச்சு கிடையாது, பிடித்த இடம் வந்தால் கையைத் தொடுவாள். ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்த நாட்களில் நாங்கள் சேர்ந்து எதையும் கேட்டதாக நினைவில்லை. பாட்டு ஒரு பக்கம் ஓடும், அவள் சமையலில் இருப்பாள், நான் செல்போனில் இருப்பேன்.

என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: பின்பக்கம் திறந்த வகை ஒயர் ஹெட்போன், துணி உறை போட்டது. திறந்த வகை என்பது புதுசு இல்லை, 1968-இல் சென்ஹைசர் கொண்டுவந்த ஹெச்டி 414-இலிருந்து இருக்கிறது. ஒலி கொஞ்சம் வெளியே கசியும், ஆனால் காற்றோட்டம் உண்டு, கேட்கிற வெளியும் விரிந்தது போல இருக்கும். ரெக்சின் உறை போட்டது நம் ஊர் வியர்வையில் ஒரு கோடை தாங்காது. கறுப்புக் கறுப்பாக உரிந்து காதில் ஒட்டும். ரயிலிலும் பேருந்திலும் திறந்த வகை பயன்படாது, வெளிச்சத்தம் உள்ளே வந்துவிடும். அங்கே காதுக்குள் இறுக்கமாக உட்காருகிற வகை சரி. வெளிச்சத்தம் அடங்கினால் குறைந்த ஒலியிலேயே கேட்கலாம். சாலையிலும் தண்டவாளம் கடக்கும்போதும் எதுவுமே வேண்டாம், கழற்றிவிடுங்கள்.

ஒலி அளவைப் பற்றி மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், அதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. 3 டெசிபல் கூட்டினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்கு, எனவே நேரத்தைப் பாதியாக்கவேண்டும். உட்காதில் இருக்கிற மயிர் செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அப்பா கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தார். ஸ்பின்னிங் பகுதியில் பக்கத்தில் நிற்பவரிடமும் சைகையில்தான் பேசவேண்டும். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு நின்றதுதான் அவர்கள் பார்த்த பாதுகாப்பு. இயந்திர இரைச்சல் காதைத் தின்னும்போது பெரும்பாலும் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான கீச்சென்ற மேல் ஒலிகளில்தான் தொடங்கும். கனத்த கீழ் ஒலிகள் ஓரளவு தப்பித்துவிடும். அப்பாவுக்கும் அப்படித்தான். அம்மா போன பிறகு எங்களோடு வந்து இருக்கிறார். டிவியில் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார், பையன் படிக்கமுடியாமல் கதவைச் சாத்துவான், அவர் முகம் வாடி டிவியை அணைத்துவிடுவார்.

மில் லைன் வீட்டில் இருந்த காலத்தில் மார்கழி பஜனைக்கு அப்பாதான் மிருதங்கம். விடிகாலையில் ரவையைப் பிசைந்து இடது பக்கத் தொப்பியில் ஒட்டிச் சுருதி பார்ப்பார், நான் பக்கத்தில் குளிரில் உட்கார்ந்திருப்பேன். இங்கே வந்த பிறகு செல்போனில் கச்சேரி போட்டுக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார். "ஒண்ணுமே இல்லையே கண்ணு இதுல" என்பார். வயதாகிவிட்டது, ஆர்வம் போய்விட்டது என்று நினைத்தேன்.

ஒரு நாள் இரவு அது உறைத்தது. செல்போனின் சின்ன ஸ்பீக்கருக்கும் டிவியின் ஸ்பீக்கருக்கும் கீழ் ஒலியே சரியாக வராது, மேல் ஒலிதான் தெளிவாக வரும். மில் அப்பாவிடமிருந்து பிடுங்கிக்கொண்டதும் அந்த மேல் ஒலியைத்தான். அவர் காதில் மிச்சமிருக்கிற ஒலியை அந்தப் பெட்டிகள் தரவே இல்லை. அவர் 'ஒண்ணுமே இல்லை' என்றது வெறும் உண்மை.

மறுநாள் என் ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, ஒலியை அளவோடு வைத்து, ஒரு பழைய தனி ஆவர்த்தனத்தைப் போட்டேன். முதலில் ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கைகள் இறங்கின. வலது கை மடியிலேயே இருந்தது. இடது கை மட்டும் தொடையில் மெல்லத் தட்டி, உள்ளங்கையால் அழுத்தி இழுத்தது, தொப்பியில் கும்கி கொடுக்கிற மாதிரி.

"கண்ணு, தொப்பி கேக்குது" என்றார், தன் சத்தம் தனக்கே தெரியாமல், வீடு முழுக்கக் கேட்கிற குரலில்.

அந்த ஹெட்போன் இப்போது அவர் கட்டில் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. எனக்கு வேறொன்று வாங்கிக்கொண்டேன்.