ஸ்காட்: போட்டியாளர்கள் புகார் கொடுத்த பைக்

பிரிட்டிஷ் பைக் என்றதும் நம் ஆட்களுக்கு ராயல் என்ஃபீல்டுதான். கொஞ்சம் விவரமானவர்கள் டிரையம்ஃப், நார்ட்டன் வரை வருவார்கள். ஸ்காட் என்றால் ‘அது யாரு?’ என்பார்கள். என்னைக் கேட்டால், அந்தக் காலத்து பிரிட்டிஷ் கம்பெனிகளில் மூளைக்கார கம்பெனி அதுதான்.

யார்க்ஷயரில் பிராட்ஃபோர்டு, கம்பளி ஆலைகளின் ஊர். அந்த ஊர் இன்ஜினியர் ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட். 1908-இல் அவருடைய முதல் சில பைக்குகளைச் செய்து கொடுத்தவர்கள் பின்னாளில் கார் கம்பெனியாகப் பெயர் வாங்கிய ஜோவெட் சகோதரர்கள். மற்ற வண்டிகளில் பலவும் சைக்கிள் சட்டத்தில் இன்ஜினை மாட்டி, பெல்ட் போட்டு, தள்ளிக்கொண்டே ஓடி ஏறுகிற ரகம். இவர் வண்டியிலோ டூ ஸ்ட்ரோக் இரட்டை சிலிண்டர், தண்ணீரால் குளிரும் ஹெட், செயின், கிக் ஸ்டார்ட்டர். சட்டத்தின் நடுவே குறுக்குக் கம்பி இல்லாததால் பாவாடை கட்டிய பெண்களும் ஏறி ஓட்டலாம்.

கியர்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இன்ஜினிலிருந்து இரண்டு செயின்கள், இரண்டுக்கும் பல்சக்கர அளவு வேறு. காலடியில் ஒரு பெடல். ஒரு பக்கம் சாய்த்தால் முதல் கியர், மறுபக்கம் சாய்த்தால் இரண்டாவது, நடுவில் நியூட்ரல். கையில் கிளட்ச் லிவரே கிடையாது!

மலையேற்றப் போட்டிகளில் இந்த வண்டி ஜெயித்ததும் ஃபோர் ஸ்ட்ரோக் ஆட்கள் புகாரோடு போனார்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் சிலிண்டருக்குள் ஒரு வெடிப்பு, டூ ஸ்ட்ரோக்கில் சுற்றுக்கு ஒன்று, அது நியாயமில்லையாம். போட்டிகளை நடத்திய ஆட்டோ சைக்கிள் யூனியனும் ஸ்காட்டின் இன்ஜின் கொள்ளளவை 1.32 ஆல் பெருக்கிக் கணக்கிட்டது. 500 சிசி வண்டி ஏட்டில் 660 சிசி! காசு கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம். அப்புறம் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். 1912-இல், பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே இருக்கும் மான் தீவில் நடக்கும் புகழ்பெற்ற பைக் பந்தயமான சீனியர் டிடியை (டூரிஸ்ட் டிராஃபி) ஃபிராங்க் ஆப்பிள்பீ முதல் சுற்றிலிருந்து கடைசி வரை முன்னால் இருந்தே ஜெயித்தார். டிடியில் டூ ஸ்ட்ரோக்கின் முதல் வெற்றி அது. அடுத்த வருடம் டிம் வுட், மறுபடியும் ஸ்காட்.

‘காலத்தை மிஞ்சி யோசித்தார், அதனால் தோற்றார்’ என்று இவர் கதையை முடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான். எங்கே தோற்றார்? வண்டி விற்றது, பந்தயமும் ஜெயித்தது. சிக்கல் வேறு. முதல் உலகப் போரையொட்டி அவர் கம்பெனியை விட்டு விலகி, சைட்கார் ஒட்டிய பைக் மாதிரி கோணலாக நிற்கும் ‘சோஷியபிள்’ என்ற மூன்று சக்கர வண்டியில் இறங்கினார். அது போணியாகவில்லை. குகைக்குள் இறங்கிச் சுற்றுவது அவருக்குப் பொழுதுபோக்கு. அப்படிப் போய்விட்டு ஈரத் துணியோடு வீடு திரும்பியவர், நிமோனியாவில் 1923-இல் இறந்துபோனார்.

பிராட்ஃபோர்டு பக்கத்தில் ஷிப்லியில் இருந்த கம்பெனி அவர் விட்டுப்போன இன்ஜினையே மெருகேற்றி ஸ்குவிரல், ஃப்ளையிங் ஸ்குவிரல் என்று விற்றது. அழகான வண்டிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் விலை அதிகம், எடையும் ஏறிக்கொண்டே போனது. அதற்குள் ஃபோர் ஸ்ட்ரோக்காரர்கள் வெகுதூரம் முன்னேறிவிட்டார்கள். 1931-இல் பணமுடை, 1950-இல் மூடல். பெயரை வாங்கிய பர்மிங்ஹாம்காரர் ஆர்டருக்குச் சிலவற்றைச் செய்து கொடுத்தார். அவற்றிலும் ஆல்ஃபிரட் போட்ட அதே அடிப்படைதான். இத்தனை வருடம் ஒரே மனிதரின் சொத்தைத் தின்றவர்களை விட்டுவிட்டு, அவரைத் தோற்றவர் என்றால் எப்படி?

என்ஃபீல்டு ரசிகர்கள் கமெண்டில் வரலாம், நான் தயார்.