30 அங்குல பேஸ் சின்னப்பிள்ளைச் சாமான் இல்லை

எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழாமில் பேஸ் கிட்டார் வாசித்த தம்பி கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு வர என் மருமகளுக்கு ஆசை. அக்காவின் மகள், 13 வயது, மெல்லிய கை. பழகப் போன முதல் நாளே கண் கலங்கி வந்து நின்றாள். "மாமா, எனக்கு விரல் எட்டவே இல்லை." பழக்குகிறவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். கை போகப் போக விரியும், இல்லாவிட்டால் கீபோர்டுக்கு மாறு என்றாராம்.

முப்பது வருடத்துக்கு முன் எனக்கும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். நான் நம்பினேன். இடது மணிக்கட்டை மடித்து மடித்து வாசித்ததில் இரண்டாம் வருடம் கிணற்றடியில் ஒரு வாளி தண்ணீர் தூக்க முடியாமல் போனது. ஏழு மாதம் பேஸைத் தொடவில்லை. பலமில்லாத கை என்று என்னையே நொந்துகொண்டிருந்தேன். இந்தக் கருவி வேறு அளவிலும் வரும் என்று அப்போது எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. மட்டக்களப்பில் அப்போது இசைக்குழுக்களில் இருந்தவர்களுக்கும் அது தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். கைக்குக் கிடைத்ததை வாசித்த காலம் அது.

இப்போது அப்படி இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். பிள்ளைகளுக்கு பேஸ் வாங்கிக் கொடுக்கிற பெற்றோரும், பாடசாலைக்கும் கோயிலுக்கும் வாத்தியம் வாங்குகிறவர்களும் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் பேஸில் தந்தி அதிருகிற நீளம், அதாவது கழுத்தின் நுனியில் தந்தியைத் தாங்கும் நட்டில் இருந்து உடலில் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ் வரை, 34 அங்குலம். 1951இல் ஃபெண்டர் கம்பனி தன் பிரிசிஷன் பேஸை அந்த நீளத்தில்தான் கொண்டுவந்தது. பிறகு அதுவே எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. ஷோர்ட் ஸ்கேல் என்ற குட்டை பேஸில் அது ஏறத்தாழ 30 அங்குலம். நாலு அங்குலம் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். நான் டேப்பை வைத்துப் பார்த்தேன். பேஸின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் கம்பிதான் ஃபிரெட். முதலாம் ஃபிரெட்டில் இருந்து நாலாம் ஃபிரெட் வரை 34 அங்குல பேஸில் கிட்டத்தட்ட 130 மில்லிமீற்றர். 30 அங்குலத்தில் 114 சொச்சம். ஆள்காட்டி விரலை ஒரு முனையிலும் சின்ன விரலை மறு முனையிலும் வைத்துக்கொண்டு நடுவிரல் இரண்டும் வேலை செய்ய வேண்டும். அந்த ஒன்றரை சென்ரிமீற்றர் என் மருமகளுக்கு வாசிப்பதற்கும் வாசிக்காமல் விடுவதற்கும் இடைப்பட்ட தூரம். இன்னொன்றும் இருக்கிறது. அதே தந்தியை அதே சுருதிக்குக் கட்டினால், நீளம் குறைந்த பேஸில் இழுவிசை ஏறத்தாழ 22 வீதம் குறையும். அழுத்தும் விரல் அவ்வளவு நோகாது.

இனி, ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவில் பேஸ் வாசித்த பில் வைமனின் கதைக்கு வருகிறேன். அவர் பெயரில் இங்கிலாந்தின் பேஸ் சென்டர் என்ற கம்பனி செய்யும் 30 அங்குல பேஸ் ஒன்று இருக்கிறது. பெரிய கலைஞர்களின் பெயர் பொறித்த கிட்டார்கள் எனக்கு அதிகம் பிடிப்பதில்லை. பலவற்றில் நிறமும் கையெழுத்தும்தான் புதிது. இது வேறு. இதற்கு மூலமான கருவி அந்த மனிதர் தன் கையால் அறுத்துச் செய்தது.

1961இல், ரோலிங் ஸ்டோன்ஸில் சேர்வதற்கு முன், வைமன் விலை குறைந்த பழைய பேஸ் ஒன்றை வாங்கினார். உடலின் வடிவம் பிடிக்கவில்லை, அறுத்துச் சிறிதாக்கினார். ஃபிரெட்டுகள் தேய்ந்து இரைந்தன. புதிது போடலாம் என்று எல்லாவற்றையும் பிடுங்கினார். பிடுங்கிய பிறகு வந்த ஓசை அவருக்குப் பிடித்துவிட்டது, புதிய ஃபிரெட் போடவே இல்லை. ஃபிரெட் இல்லாத மின் பேஸ்களில் அதுவே முதலாவது என்று சொல்வார்கள். அவருக்குச் சின்னக் கை. பழைய காணொளிகளைப் பாருங்கள், கழுத்துப் பகுதியைக் கிட்டத்தட்ட நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நிற்பார். 1962 டிசெம்பரில் அந்தக் குழுவுக்கு வந்தவர் 1993 வரை இருந்தார். முப்பது வருடம் உலகம் முழுக்க மைதானங்களை நிரப்பிய ஒரு குழுவின் அடித்தளத்தை அந்தச் சின்னக் கை தாங்கியிருக்கிறது. அந்தக் கையிடம் போய் யார் சொல்வது, விரியும்வரை காத்திரு என்று?

அவர் ஒருவர் மட்டுமில்லை. பீட்டில்ஸின் போல் மக்கார்ட்னி 1961இல் ஹம்பர்க்கில் வாங்கிய, வயலின் வடிவ ஹொஃப்னரும் 30 அங்குலம். கிரீம் குழுவில் ஜாக் புரூஸ் வாசித்த கிப்சன் ஈபி-3, 30.5 அங்குலம். ஃபெண்டரே 1966இல் மஸ்டாங் என்ற 30 அங்குல பேஸைக் கொண்டுவந்தது. இத்தனைக்கும் பிறகு, ஷோர்ட் ஸ்கேல் இருக்கிறதா என்று நான் கேட்ட ஒரு கடையில், "அது சின்னப்பிள்ளைகளுக்கு அண்ணன், ஒரு வருடத்தில் மாற்ற வேண்டி வரும்" என்றார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஆகத் தடித்த நாலாவது தந்தியான கீழ் ஈ, செக்கனுக்கு 41 அதிர்வு, குட்டை பேஸில் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். 34 அங்குலத்தில் அந்தச் சுரத்துக்கு இருக்கும் தெளிவு இதில் குறையும். பாரமான தந்தி போட்டால் பாதி சரியாகிவிடும். தந்தி வாங்கும்போதும் ஷோர்ட் ஸ்கேலுக்கு உரியதைத்தான் வாங்க வேண்டும், அது இங்கே லேசில் கிடைக்காது. ஆனால் அந்தத் தொளதொளப்புக்குள் உருண்டு திரண்ட ஒரு ஓசை இருக்கிறது. பாட்டுக்குக் கீழே பாய் விரித்தது மாதிரி. வாவிக்கரைக் காற்று அடிக்கும் எங்கள் சின்னக் கோயிலுக்கு, பாடகர் குழாமின் குரலுக்கு, எனக்கு அந்த ஓசைதான் வேண்டும்.

நீளம் குறைந்த கருவியைக் குறைந்த கருவி என்று நினைப்பது தமிழருக்குப் பழக்கமான நினைப்பும் இல்லை. பேரியாழ் வாசித்தவர் பெரும்பாணர், சீறியாழ் வாசித்தவர் சிறுபாணர். சிறுபாணர் பெயரிலேயே பத்துப்பாட்டில் ஒரு பாட்டு இருக்கிறது. மறைந்துபோன யாழ்களை நரம்பும் கணக்குமாக ஆராய்ந்து 1947இல் யாழ் நூல் தந்த விபுலானந்த அடிகள் நம்முடைய காரைதீவில் பிறந்தவர், கல்லடியில் உறங்குகிறவர். நரம்பின் நீளம் பற்றிப் பேச எங்கள் ஊரை விடவா வேறு ஊர் வேண்டும்?

சரி, மருமகளின் விஷயம். புதிய பேஸ் வாங்க இப்போது அக்காவிடம் காசில்லை, கோயிலில் இருப்பது 34 அங்குலம். ஒரு இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 34 அங்குல பேஸின் இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ, அதாவது எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கவ்வி, மாட்டினால் மிஞ்சும் நீளம் 30.3 அங்குலம். நாலு தந்தியையும் ஒரு முழுச் சுரம் இறக்கிக் கட்டிவிட்டு அங்கே மாட்டினால், சுருதி வழக்கமான ஈ, ஏ, டி, ஜிக்கே வந்துவிடும். இழுவிசையும் ஷோர்ட் ஸ்கேல் அளவுக்கு இறங்கும். எனக்கு நித்திரையே வரவில்லை.

கிட்டார் கேப்போ தடித்த தந்தியை ஒழுங்காக அழுத்தவில்லை. அதனால் டச்பார் பக்கம் இருக்கும் ஒரு பறங்கி அங்கிளிடம் போனேன். பகலில் மரவேலை, கலியாண வீடுகளில் பறங்கியரின் ஆட்ட இசையான கஃப்ரிஞ்ஞாவுக்கு வயலின். விஷயத்தைக் கேட்டவர் பேஸைப் பார்க்கவில்லை, பிள்ளையின் கையைக் கேட்டார். பலகையில் அவள் கையை விரித்து வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார். "கதிரை செய்யக் கேட்டு வந்தாலும் நான் முதல்ல ஆருக்கு எண்டுதான் கேட்பன், தம்பி" என்றார். பிறகு விரல் நீளத் தேக்குத் துண்டு ஒன்றைச் சீவி, அடியில் சைக்கிள் ரியூப் வெட்டி ஒட்டி, பின்னால் இன்னொரு துண்டை வைத்து இரண்டு பக்கமும் திருகாணி பூட்டினார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

மாட்டிப் பார்த்தோம். அவள் விரல் நாலும் நாலு ஃபிரெட்டில் போய் உட்கார்ந்தன, மணிக்கட்டு மடியவில்லை. கழுத்தில் இருக்கும் புள்ளிகளும் பெரிதாகக் குழப்பவில்லை. ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவது ஃபிரெட் புள்ளிகள் இப்போது அவளுக்கு மூன்று, ஐந்து, ஏழு. மற்ற இரண்டு இடத்துக்குக் கொப்பி லேபிளில் வட்டம் வெட்டி அவளே ஒட்டிக்கொண்டாள். போன ஞாயிறு காணிக்கைப் பாட்டு முழுவதையும் நிறுத்தாமல் வாசித்தாள். அக்கா அழுதுவிட்டா.

வீட்டில் 34 அங்குல பேஸும் சின்னக் கைப் பிள்ளையும் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் தயவுசெய்து 30 அங்குலத்தைக் கேட்டு வாங்குங்கள். வைமனின் பெயர் இருந்தாலும் சரி, பெயரே இல்லாத கம்பனியானாலும் சரி. கடைக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

எங்களுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. நாலாவது தந்தி தொளதொளக்கிறது. 105 தடிப்புத் தந்தியைக் கழற்றிவிட்டு இன்னும் பாரமான 110 போடப் போகிறேன். கொழும்பில் இருந்து வர வேண்டும். போட்ட பிறகு ஓசை எப்படி என்று எழுதுகிறேன்.