புலுனிக் கூட்டத்தைப் பார்த்தவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். மெல்லப் படிக்கிற பிள்ளைகளின் மாலை வகுப்பை நிறுத்தலாமா என்று பேச்சு வந்தபோது, "வல்லதுதான் வாழும், டார்வினே சொல்லியிருக்கிறார்" என்று ஒருவர் மைக்கில் சொன்னார். கை தட்டினார்கள். இரண்டு நாளாகியும் எனக்கு மனம் ஆறவில்லை.

பத்தொன்பது வருஷமாக உயிரியல் படிப்பிக்கிறேன். தயவுசெய்து டார்வின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளைக் கழித்துவிடாதீர்கள். அந்த வாசகம் 1864இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயத் தத்துவஞானி எழுதியது. டார்வின் பிறகு எடுத்துக்கொண்டார், சூழலுக்குப் பொருந்துவது தப்பும் என்ற பொருளில். அதே டார்வின் 1871இல், இரக்கமுள்ளவர்கள் கூடுதலாக இருக்கிற கூட்டம்தான் செழிக்கும், கூடுதலான பிள்ளைகளை வளர்த்தெடுக்கும் என்றும் எழுதினார். அதை ஏன் ஒருவரும் மைக்கில் சொல்வதில்லை?

எங்கள் வளவுக்கு விடிய ஏழெட்டுப் புலுனி, அதுதான் தவிட்டுக்குருவி, வரும். வேலியோரம் சருகைக் கிளறும். ஒன்று மட்டும் இரை தேடாமல் முருங்கைக் கொப்பில் இருந்து சுற்றிவரப் பார்க்கும். பூனையின் வால் தெரிந்தாலே கத்தும். குஞ்சு பொரித்தால் தாய் தகப்பனோடு கூட்டத்தில் மற்றவையும் புழு கொண்டுவந்து ஊட்டும். எந்தக் குஞ்சு கெட்டிக்காரக் குஞ்சு என்று கேட்டா ஊட்டுகின்றன?

"அதுகள் சொந்தம், தங்கள் மரபணுவுக்காகச் செய்கின்றன" என்பீர்கள். சரி, சொந்தத்துக்கு உதவுவது எப்படிப் பரிணமிக்கும் என்று ஹமில்டன் என்ற உயிரியலாளர் 1964இல் கணக்கே போட்டுக் காட்டினார். ஆனால் தென்னமெரிக்காவில் இரத்தம் குடிக்கும் வௌவால் இருக்கிறது. மூன்று இரவு பட்டினி கிடந்தால் செத்துவிடும். வயிறு நிறைந்த வௌவால் பசித்ததன் வாயில் இரத்தத்தைக் கக்கிக் கொடுக்கும். சொந்தமில்லாததற்கும் கொடுக்கும். முன்பு தனக்குக் கொடுத்ததற்குத் திருப்பிக் கொடுக்கும்.

மந்திக் குட்டியைக் கடுவன் கொல்வதும் இயற்கைதானே என்று ஒருவர் எழுதுவார். தெரியும், அதையும்தான் படிப்பிக்கிறேன். அதற்காக அதை எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சட்டமாக்குவதா? மனிதரைப் பறவையோடு ஒப்பிடலாமா என்று இன்னொருவர் கேட்பார். இயற்கையை அந்த மேடைக்கு இழுத்து வந்தது நானா?

1995 ஒக்டோபர் 30, போரால் யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்த நாள். எனக்குப் பன்னிரண்டு வயது. நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி அப்பா உருட்டிக்கொண்டு வந்தார். கொடிகாமத்தில் முன்பின் தெரியாத ஒரு வீட்டார் படலையைத் திறந்துவிட்டார்கள். ஐந்து குடும்பம், ஒரு கிணறு. அந்த வீட்டு அம்மா சுண்டில் அரிசி அள்ளி, மேலே விரலால் வழித்து, எல்லோருக்கும் ஒரே அளவாகத் தந்தார். தன் பிள்ளைகளுக்கும் அதே சுண்டுதான். வல்லதுதான் வாழும் என்று அவர் படலையைப் பூட்டியிருந்தால் நாங்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கை தட்டியவர்களில் எத்தனை பேர் அப்படி யார் வீட்டிலோ சோறு தின்று உயிர் தப்பியவர்கள்! அதுதான் தாங்க முடியவில்லை.

இன்னொன்று. அவர் அதைச் சொன்னபோது பின்னால் கதிரை அடுக்கிக்கொண்டு நின்றது அந்த வகுப்புக்கு வருகிற பொடியன்தான். கையில் கதிரையோடு அப்படியே நின்று கேட்டான். பிறகு மிச்சக் கதிரைகளையும் அடுக்கிவிட்டுத்தான் போனான்.

நேற்று அவன் வகுப்புக்கு வரவில்லை.